255 வாட் என்று காட்டிய அட்டை: மூன்று கிராஃபிக்ஸ் அட்டைகளை அளந்த பதிவு

மூன்று கிராஃபிக்ஸ் அட்டைகளை ஒரே கணினியில் மாற்றி மாற்றிப் பொருத்தி, அவை இழுக்கும் மின்திறன், அடையும் வெப்பநிலை, தரும் வேகம் ஆகியவற்றை அட்டவணையாக எழுதினேன். முதல் நாள் இரவில் முடித்த அட்டவணை பார்வைக்கு மிக ஒழுங்காக இருந்தது. மறுநாள் காலையில் அதில் ஒரு பத்தி முழுவதையும் அடிக்க வேண்டியதாயிற்று. ஏன் அடித்தேன், அந்த இடத்தில் என்ன எழுதினேன் என்பதே இந்தப் பதிவின் பெரும்பகுதி.

அட்டைகளைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். ஒன்று, 2020 செப்டம்பரில் வெளிவந்த என்விடியா ஆர்டிஎக்ஸ் 3080, 10 ஜிபி நினைவகம் கொண்டது. ஒருவர் பயன்படுத்திய பிறகு என்னிடம் வந்தது. இரண்டாவது, 2020 நவம்பரில் வெளிவந்த ஏஎம்டி ரேடியான் ஆர்எக்ஸ் 6800 எக்ஸ்டி. இதை நண்பர் ஒருவர் இரண்டு வாரத்துக்குக் கொடுத்திருந்தார். மூன்றாவது, 2023 ஏப்ரலில் வெளிவந்த ஆர்டிஎக்ஸ் 4070. நிறுவனங்கள் இவற்றுக்கு அறிவித்துள்ள மின்திறன் முறையே 320, 300, 200 வாட். இம்மூன்றையும் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. ஒளிக்கதிர்களின் பாதையைக் கணக்கிட்டுக் காட்சியை வரையும் ரே டிரேசிங் (கதிர்த்தடம்) இல்லாத சாதாரண வேலைகளில் மூன்றும் ஏறத்தாழ ஒரே வேகம் உடையவை. வேகம் ஒன்றாக இருக்கும்போதுதான் மின்செலவையும் வெப்பத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதில் பொருள் இருக்கிறது.

வேகத்தை அளக்க 3டிமார்க் தொகுப்பின் டைம் ஸ்பை சோதனையைப் பயன்படுத்தினேன். 2016இல் வந்த பழைய சோதனைதான். ஆனால் 2560க்கு 1440 என்ற தெளிவில் இயங்கி, மையச் செயலிக்கு அதிக வேலை வைக்காமல் அட்டையை முழுவதுமாக உழைக்க வைப்பதால் என் நோக்கத்துக்குப் பொருந்தியது. மூன்று முறை ஓட்டிச் சராசரி எடுத்ததில், கிராஃபிக்ஸ் மதிப்பெண்ணாக 3080 ஏறத்தாழ 17,500, 6800 எக்ஸ்டி 18,500, 4070 17,800 பெற்றன. இடைவெளி ஆறு விழுக்காட்டுக்குள் அடங்கிவிட்டது. வேகத்தைப் பற்றி இதற்கு மேல் பேச எனக்கு அதிகம் இல்லை. ரே டிரேசிங்கை இயக்கினால் 6800 எக்ஸ்டி மட்டும் தெளிவாகப் பின்தங்கும் என்பதை மட்டும் குறித்துவைக்கிறேன்.

மின்திறனை முதல் நாள் மென்பொருளில் பார்த்தே எழுதினேன். டைம் ஸ்பையின் முதல் காட்சியை அரை மணி நேரம் இடைவிடாமல் ஓடவிட்டு, கடைசிப் பத்து நிமிடத்தின் சராசரியை எச்டபிள்யூஇன்ஃபோ என்னும் கண்காணிப்பு மென்பொருளின் பதிவிலிருந்து எடுத்தேன். 3080க்கு 319 வாட், 6800 எக்ஸ்டிக்கு 255 வாட், 4070க்கு 194 வாட் என்று கிடைத்தது. மதிப்பெண்ணை வாட்டால் வகுத்து, ஒரு வாட்டுக்கு 3080 ஏறத்தாழ 55 புள்ளி, 6800 எக்ஸ்டி 72 புள்ளி, 4070 92 புள்ளி என்று எழுதி வைத்துவிட்டுப் படுத்தேன். ஒரே பருவத்தில் வெளிவந்த இரண்டு அட்டைகளில் ஒன்று மற்றொன்றைவிட மூன்றில் ஒரு பங்கு கூடுதல் சிக்கனமாக இருப்பது சற்று விந்தையாகத்தான் தோன்றியது. ஆனால் 3080இன் சில்லு சாம்சங்கின் 8 நானோமீட்டர் முறையிலும், 6800 எக்ஸ்டியின் சில்லு டிஎஸ்எம்சியின் 7 நானோமீட்டர் முறையிலும் செய்யப்பட்டவை என்பதால், அதுவே காரணம் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

மறுநாள் சுவரில் உள்ள பிளக்கிற்கும் கணினிக்கும் நடுவே ஒரு மின்திறன் மீட்டரைச் செருகி, அதே காட்சியை மூன்று அட்டைகளுக்கும் மீண்டும் ஓட்டினேன். கணினி முழுவதற்குமாக 3080 இருந்தபோது 455 வாட், 6800 எக்ஸ்டி இருந்தபோது 433 வாட், 4070 இருந்தபோது 320 வாட். மென்பொருள் முதல் இரண்டுக்கும் இடையே 64 வாட் வேறுபாடு சொன்னது. சுவர் மீட்டரோ 22 வாட் மட்டுமே சொன்னது. பவர் சப்ளை இந்தச் சுமையில் ஏறத்தாழ 90 விழுக்காடு திறனுடன் இயங்குகிறது என்று வைத்துக்கொண்டால், சுவரில் 22 வாட் என்பது உள்ளே 20 வாட்தான். மையச் செயலியின் நுகர்வு மூன்று ஓட்டங்களிலும் இரண்டு மூன்று வாட்டுக்கு மேல் மாறவில்லை. எனில் காணாமற்போன நாற்பத்து சில வாட் எங்கே?

இரண்டு மீட்டர்களும் முரண்படும்போது மூன்றாவது ஒன்றைத் தேட வேண்டியிருக்கிறது. நேர்மின்னோட்டத்தை அளக்கக்கூடிய கிளாம்ப் மீட்டர் ஒன்று என்னிடம் இருந்தது. அட்டைக்குச் செல்லும் 8 பின் கேபிளை அப்படியே மீட்டரின் வாய்க்குள் கவ்வவைத்துப் பார்த்தால், எண் பூச்சியத்தைச் சுற்றியே ஆடிக்கொண்டிருந்தது. மீட்டர் பழுதோ என்று ஐந்து நிமிடம் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்த பிறகே உறைத்தது: கேபிளுக்குள் போகும் மின்னோட்டமும் திரும்பி வரும் மின்னோட்டமும் சேர்ந்தே இருப்பதால், அவற்றின் காந்தப் புலங்கள் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. 8 பின் இணைப்பில் மூன்று கம்பிகள் மட்டுமே 12 வோல்ட் கொண்டு வருபவை. மற்ற ஐந்தும் தரைக்கம்பிகளும் உணர்வுக் கம்பிகளும் ஆகும். கேபிளின் மேலுறையைச் சற்று விலக்கி அந்த மூன்று கம்பிகளை மட்டும் பிரித்துக் கவ்வவைத்ததும் எண் பதினோரு ஆம்பியரை ஒட்டி நின்றது. நேர்மின்னோட்ட கிளாம்ப் மீட்டர்கள் வெறுமனே வைத்திருக்கும்போதே சிறிது சிறிதாக விலகிச் செல்லும் என்பதால், ஒவ்வொரு அளவுக்கும் முன்பு பூச்சியத்தில் நிறுத்திக்கொள்வதும் அவசியம்.

மீட்டரை நம்பலாமா என்பதை முதலில் 3080இல் சோதித்தேன். அந்த அட்டையில் ஒவ்வொரு 8 பின் இணைப்பும், அட்டை செருகப்படும் தாய்ப்பலகையின் பிசிஐ எக்ஸ்பிரஸ் பொருத்தியும் தனித்தனியே எவ்வளவு தருகின்றன என்பதை ஜிபியு-இசட் என்னும் மென்பொருள் காட்டுகிறது. இரண்டு இணைப்புகளும் சேர்ந்து 258 வாட், பொருத்தி வழியாக 61 வாட், மொத்தம் 319 என்று அது சொன்னது. என் மீட்டரில் 10.8 ஆம்பியரும் 10.6 ஆம்பியரும் கிடைத்தன. 12 வோல்ட்டால் பெருக்கினால் 257 வாட். இவ்வளவு நெருக்கமாக வந்ததில் சிறிது அதிர்ஷ்டமும் உண்டு, ஏனெனில் இந்த விலைத்தர மீட்டர்களில் இரண்டு மூன்று விழுக்காடு பிழை இயல்பு. ஆனாலும் நாற்பது வாட்டைத் தேடுவதற்கு அந்தத் துல்லியம் போதும்.

பிறகு 6800 எக்ஸ்டி. இரண்டு இணைப்புகளிலும் 11.1 ஆம்பியர், 10.5 ஆம்பியர். பெருக்கினால் 259 வாட். பொருத்தி வழியாக வருவதைக் கணக்கில் சேர்க்கும் முன்பே, இரண்டு கேபிள்கள் வழியாக மட்டுமே, அட்டை தன் மொத்தம் என்று நான் நினைத்த 255 வாட்டைத் தாண்டிவிட்டது. அதன் பிறகு வாதத்துக்கு இடமில்லை. சுவர் மீட்டரின் கணக்குப்படி அட்டையின் உண்மையான நுகர்வு 300 வாட்டை ஒட்டி இருக்க வேண்டும். அப்படியானால் பொருத்தி வழியே ஏறத்தாழ 40 வாட் வருகிறது. அந்தப் பொருத்திக்கான வரம்பு 75 வாட் என்பதால் அது முற்றிலும் நம்பக்கூடிய எண். நிறுவனம் அறிவித்ததும் 300 வாட்தான். அட்டை பொய் சொல்லவில்லை, நான்தான் தவறான வரியைப் படித்திருக்கிறேன்.

இரண்டு நிறுவனங்களும் எங்கே அளக்கின்றன என்பதில்தான் வேறுபாடு. என்விடியா அட்டைகளில் 12 வோல்ட் உள்ளே நுழையும் வாசலிலேயே, சில மில்லி ஓம் மட்டுமே தடையுள்ள ஷண்ட் ரெசிஸ்டர்கள் இருக்கின்றன. அவற்றின் குறுக்கே ஏற்படும் சிறு மின்னழுத்த வீழ்ச்சியிலிருந்து அட்டைக்குள் நுழையும் மொத்த மின்னோட்டமும் கணக்கிடப்படுகிறது. விசிறி, விளக்கு, மின்னழுத்த மாற்றிகளில் வீணாகும் வெப்பம் என எல்லாமே அதில் அடங்கும். ஆர்எக்ஸ் 6000 வரிசையிலோ, 12 வோல்ட்டைச் சில்லுக்குத் தேவையான ஒரு வோல்ட் அளவுக்குக் குறைக்கும் மாற்றிகளைத் தாண்டிய பின் உள்ள கணக்கையே மென்பொருள் காட்டுகிறது. மாற்றிகளிலேயே இழக்கப்படும் பங்கும் விசிறிகளின் பங்கும் அந்த எண்ணில் வராது. ஆர்எக்ஸ் 7000 வரிசையில் ஏஎம்டி இதை மாற்றி, முழுப் பலகையின் நுகர்வையே காட்டத் தொடங்கியது. ஆகவே ஏஎம்டியின் இரண்டு தலைமுறைகளை மென்பொருள் எண்களை மட்டும் வைத்து ஒப்பிட்டாலும் இதே குழிதான் காத்திருக்கிறது. பழைய அட்டை உண்மையைவிடச் சிக்கனமானதாகவும் புதிய அட்டை ஊதாரியாகவும் தெரியும்.

அடித்துத் திருத்திய பத்தியில் 6800 எக்ஸ்டிக்கு ஒரு வாட்டுக்கு 62 புள்ளி என்று எழுதினேன். 3080இன் 55 புள்ளியைவிட அது இப்போதும் மேல்தான். ஆனால் முந்தைய நாள் இரவு தோன்றிய அளவுக்கு இல்லை. 4070இன் 92 புள்ளி அப்படியே நின்றது. டிஎஸ்எம்சியின் 4என் முறையில் செய்யப்பட்ட சில்லு, 3080இன் 5 எம்பிக்குப் பதிலாக 36 எம்பி இரண்டாம் நிலை கேஷ் (சில்லுக்குள்ளேயே இருக்கும் சிறிய, வேகமான நினைவகம்) ஆகியவை சேர்ந்து, நொடிக்கு 760 ஜிபி நினைவக வேகத்தில் 3080 செய்த வேலையை 504 ஜிபி வேகத்திலேயே முடித்துவிடுகின்றன. வெளியே உள்ள நினைவகத்துக்குப் போய் வருவது மின்செலவு மிக்க வேலை. அந்தப் பயணத்தைக் குறைத்ததில்தான் சேமிப்பின் ஒரு பகுதி இருக்கிறது. 6800 எக்ஸ்டி 128 எம்பி கேஷ் வைத்துக்கொண்டு இதே வழியை 2020லேயே தொடங்கியிருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

வெப்பநிலையை ஒப்பிடும்போதும் எந்த எண்ணைப் படிக்கிறோம் என்பதே சிக்கல். அறை 28 டிகிரி செல்சியஸில் இருக்க, பெட்டியின் பக்கக் கதவை மூடி, அரை மணி நேர முடிவில் எடுத்த அளவுகளில் 3080இன் சில்லு 75 டிகிரி, 6800 எக்ஸ்டியின் சில்லு 77 டிகிரி, 4070இன் சில்லு 64 டிகிரி. இவை ஓரளவு சராசரியான எண்கள். சில்லின் மிகச் சூடான புள்ளியைக் காட்டும் ஹாட்ஸ்பாட் அளவு முறையே 87, 93, 77. ஏஎம்டி தன் அட்டைகளில் இந்தப் புள்ளி 110 டிகிரி வரை செல்வதை அனுமதிக்கிறது. எனவே 93 என்பது கண்ணுக்குப் பயமூட்டினாலும் பழுதின் அடையாளம் அன்று. நான் தனித்தனி எண்களைவிட இரண்டுக்கும் உள்ள இடைவெளியையே அதிகம் கவனிப்பேன். இடைவெளி பதினைந்து டிகிரிக்குள் இருந்தால் குளிர்விப்பான் சில்லின் மேல் சமமாக அமர்ந்திருக்கிறது என்று பொருள் கொள்வேன். 2025இல் வந்த ஆர்டிஎக்ஸ் 50 வரிசையில் என்விடியா இந்த அளவையே மென்பொருள்களுக்குத் தராமல் நிறுத்திவிட்டது எனக்குப் பெரிய குறையாகவே படுகிறது.

3080இல் உண்மையான கவலை சில்லில் இல்லை. ஜிடிடிஆர்6எக்ஸ் நினைவகம் 106 டிகிரியில் நின்றது. அந்த நினைவகம் 110 டிகிரியை நெருங்கினால் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அட்டையைக் கழற்றியபோது வெப்பம் கடத்தும் பேட்கள் எண்ணெய் கசிந்து, விரல் பட்டதும் உதிர்ந்தன. பழைய பேட்டின் தடிமனைக் கேலிப்பரில் அளந்து, அழுந்தியிருப்பதால் குறைவாகக் காட்டுகிறது என்று நானாக முடிவு செய்து, அதைவிட அரை மில்லிமீட்டர் கூடுதல் தடிமனான புதிய பேட்களை ஒட்டினேன். அது என் பிழை. நினைவகம் 86 டிகிரிக்கு இறங்கியது. ஆனால் சில்லு 75 டிகிரியில் இருக்கும்போதே ஹாட்ஸ்பாட் 104க்கு ஏறியது. இடைவெளி 12இலிருந்து 29 ஆகிவிட்டது. புதிய பேட்கள் கடினமாகவும் தடிமனாகவும் இருந்ததால் குளிர்விப்பானைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, சில்லின் ஒரு மூலையில் அது சரியாகப் படிய விடவில்லை. மறுபடியும் எல்லாவற்றையும் கழற்றி, பேட்களுக்குப் பதிலாக அழுத்தத்துக்கு ஏற்பப் பரவிக்கொள்ளும், பிசைந்த மாவு போன்ற வெப்பப் புட்டியை (தெர்மல் புட்டி) நினைவகத்தின் மேல் வைத்து, சில்லுக்குப் புதிய பேஸ்ட் இட்டு மூடினேன். சில்லு 73, ஹாட்ஸ்பாட் 85, நினைவகம் 88. தடிமன் தெரியாத அட்டைக்குப் பேட் வாங்குவதைவிடப் புட்டி பாதுகாப்பானது என்பது அதன் பிறகு என் உறுதியான கருத்து.

4070இன் குறைந்த வெப்பநிலையைப் பார்த்து அதன் சில்லைக் குளிர்விப்பது எளிது என்று எண்ணிவிடக் கூடாது. அதன் சில்லு ஏறத்தாழ 295 சதுர மில்லிமீட்டர். 3080இன் சில்லு 628. அட்டையின் மொத்த மின்திறனைச் சில்லின் பரப்பால் வகுத்தால், தோராயக் கணக்காக, 3080இல் ஒரு சதுர மில்லிமீட்டருக்கு அரை வாட், 4070இல் முக்கால் வாட்டுக்குச் சற்றுக் குறைவு. சிறிய இடத்திலிருந்து நெருக்கமாக வரும் வெப்பம் அது. மொத்தம் குறைவு என்பதால்தான் சிறிய குளிர்விப்பானே சமாளிக்கிறது. அறையைச் சூடாக்குவது வாட் மட்டுமே, டிகிரி அன்று. 60 டிகிரியில் நிற்கும் 300 வாட் அட்டையும் 90 டிகிரியில் நிற்கும் 300 வாட் அட்டையும் அறைக்குள் கொட்டும் வெப்பம் ஒன்றே.

மின்னழுத்தத்தைக் குறைக்கும் சோதனைக்கு ஒரு முழு வார இறுதி போயிற்று. சில்லின் இயக்க மின்செலவு மின்னழுத்தத்தின் இருமடிக்கும் அதிர்வெண்ணுக்கும் நேர்விகிதத்தில் இருப்பதால், மின்னழுத்தத்தில் சிறு குறைப்பும் பெரிய பலன் தரும். 3080ஐ, அட்டையின் அமைப்புகளை மாற்ற உதவும் ஆஃப்டர்பர்னர் மென்பொருளில் 0.850 வோல்ட், 1800 மெகாஹெர்ட்ஸ் என்று நிறுத்தியபோது 319 வாட் 252 ஆகவும், மதிப்பெண் 17,500இலிருந்து 16,900 ஆகவும் குறைந்தது. ஐந்தில் ஒரு பங்கு மின்சாரத்துக்கு மூன்றரை விழுக்காடு வேகம் என்பது நல்ல பேரம். டைம் ஸ்பை பல மணி நேரம் சிக்கலின்றி ஓடியது. ஆனால் ரே டிரேசிங் உள்ள ஒரு விளையாட்டு நாற்பதாவது நிமிடத்தில் முடங்கியது. 0.875 வோல்ட்டுக்கு உயர்த்திய பிறகே நிலைத்தது, மின்செலவும் 265 வாட்டுக்கு ஏறியது. அட்டவணையில் அந்த எண்ணையே எழுதினேன். 4070இல் மின்னழுத்த வளைவைத் தொடாமல் மின்திறன் வரம்பை மட்டும் 140 வாட்டாகக் குறைத்ததில் மதிப்பெண் 16,500க்கு இறங்கியது. வாட்டுக்கு 118 புள்ளி.

6800 எக்ஸ்டி இங்கேயும் என்னை ஏமாற்றியது. அதன் மின்னழுத்தத்தை 1150 மில்லிவோல்ட்டிலிருந்து 1050க்கு இறக்கியும் மென்பொருளில் அதே 255, சுவரில் அதே 433. மாறியது மதிப்பெண் மட்டுமே, 19,200க்கு உயர்ந்துவிட்டது. முழுச் சுமையில் அந்த அட்டை மின்னழுத்தத்தால் தடுக்கப்படுவதில்லை, மின்திறன் வரம்பால்தான் தடுக்கப்படுகிறது. மின்னழுத்தத்தில் மிச்சப்படுத்தியதை அது உடனே கூடுதல் அதிர்வெண்ணாகச் செலவழித்துவிடுகிறது. சிக்கனம் வேண்டுமானால் உச்ச அதிர்வெண்ணையும் சேர்த்துக் கட்ட வேண்டும், அல்லது நொடிக்கு இத்தனை ஃபிரேம் என்று வரம்பு வைக்க வேண்டும். ஒரு விளையாட்டை 100 ஃபிரேமில் நிறுத்திப் பார்த்தபோது, கேபிள், பொருத்தி, சுவர் மீட்டர் மூன்றையும் ஒத்துப்பார்த்த கணக்கில் 3080 245 வாட், 6800 எக்ஸ்டி 205 வாட், 4070 150 வாட் எடுத்தன. திரையில் தெரிவது மூன்றிலும் ஒன்றே.

சும்மா இருக்கும் நேரத்தை இறுதியில்தான் அளந்தேன். முதலிலேயே அளந்திருக்க வேண்டும். புதுப்பிப்பு வேகம் வேறுபட்ட இரண்டு திரைகளை இணைத்தபோது, 6800 எக்ஸ்டியின் நினைவகம் தன் உச்ச வேகத்திலிருந்து இறங்கவே இல்லை. ஒரே திரையுடன் இருந்ததைவிடச் சுவர் மீட்டரில் 30 வாட் கூடுதல். நாளொன்றுக்கு எட்டு மணி நேரம் எழுத்து வேலைக்காகக் கணினி இயங்கினால் அது 0.24 யூனிட்; தினமும் ஒரு மணி நேரம் விளையாடும்போது 4070க்கும் இதற்கும் உள்ள 100 வாட் வேறுபாடு 0.1 யூனிட்தான். பெரிய திரையின் புதுப்பிப்பு வேகத்தை 144 ஹெர்ட்ஸிலிருந்து 120க்கு இறக்கியதும் நினைவகம் ஓய்வு நிலைக்குச் சென்றது.

அட்டையை நண்பரிடம் திருப்பிக் கொடுக்கும்போது அந்த 120 ஹெர்ட்ஸ் அமைப்பையும், மென்பொருள் காட்டும் எண்ணோடு முழுச் சுமையில் 45 வாட்டைக் கூட்டிக்கொள்ள வேண்டும் என்பதையும் ஒரு தாளில் எழுதிப் பெட்டிக்குள் வைத்தேன்.